வீட்டு ஹால்ல ஃபோக் கச்சேரி வச்சா வர்றவங்ககிட்ட காசு கேக்கலாமா?

கேள்வி கேட்டவர் நியூ ஹாம்ப்ஷயர்ல நாஷுவால இருக்கார். ஒரு ப்ரூவரில (பீர் காய்ச்சி அங்கயே விக்கிற இடம்) கிட்டாரை வச்சுக்கிட்டு தனியா ஃபோக் பாடிட்டிருந்த ஒருத்தரோட பாட்டு பிடிச்சுப்போய் ப்ரேக்ல போய் பேசியிருக்கார், அவரு "உங்க வீட்ல ஒரு ஹாலும் முப்பது சேரும் இருந்தா சொல்லுங்க, நானே வந்து பாடுறேன்"னு கார்டு குடுத்துட்டுப் போயிருக்கார். இப்ப அவருக்கு எவ்ளோ ஃபீஸ் குடுக்கணும், எத்தனை பேரைக் கூப்பிடணும், சட்டப்படி பிரச்சினை வருமா, நம்ம ஊர் நாட்டுப்புறப் பாடகர்களையும் இதே மாதிரி கூப்பிடலாமான்னு நாலு கேள்வி. ஆனா நடுவுல ஒரு வரி போட்டிருக்கார் பாருங்க, "வீட்டுக்கு வர்ற விருந்தாளிகிட்ட காசு வாங்குறதா, எங்கம்மா என்னை வீட்டை விட்டே துரத்திடுவாங்க"ன்னு. என்னைக் கேட்டா உண்மையான கேள்வியே அதுதான், மத்த நாலும் அதோட சும்மா கூட வந்தது.

நான் பாடகன் இல்ல, கிட்டார்ல மூணு கார்டு (chord) தெரியும், அதுவும் எஃப் கார்டு இன்னைக்கு வரைக்கும் சரியா விழாது. பாஸ்டனுக்கு மேற்க நாப்பது நிமிஷத்துல வீடு, 2012ல இருந்து வருஷத்துக்கு நாலஞ்சு வீட்டுக் கச்சேரி நடத்திட்டு வர்றேன், கோவிட்ல ரெண்டு வருஷம் நின்னுச்சு. அதனால பாடகர் பக்கத்து நியாயத்தை அவங்க எங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து சொன்னதை வச்சுதான் சொல்றேன். வீட்டுக்காரன் பக்கத்து தப்பு எல்லாம் நானே சொந்தமா செஞ்சு கத்துக்கிட்டது.

முதல் தப்பு இந்தக் காசு விஷயம்தான். முதல் கச்சேரிக்கு நான் உங்கம்மா மாதிரிதான் யோசிச்சேன், நாம கூப்பிட்டு நாமளே காசு கேக்குறதான்னு என் கைல இருந்து 500 டாலர் பாடகருக்குக் குடுத்துட்டு எல்லாரையும் ஃப்ரீயா வாங்க, பிரியாணியும் இருக்குன்னு மெயில் போட்டேன். வர்றேன்னு சொன்னது நாப்பது பேர், வந்தது இருபத்திரண்டு. அதுல பாதிப் பேர் பிரியாணிக்கு வந்தவங்க, மூணாவது பாட்டுலயே கிச்சன் பக்கம் வீட்டு விலை பேச்சு ஆரம்பிச்சாச்சு, குழந்தைங்க பாடகரோட மைக் ஸ்டாண்டைச் சுத்தி ஓடிப்பிடிச்சு விளையாடுறாங்க, பாவம் அந்த மனுஷன் ரெண்டாவது செட்டை அரை மணி நேரத்துல முடிச்சுட்டு சிரிச்ச முகத்தோட கிளம்பிட்டார். அவருக்குக் காசுல குறை இல்ல. ஆனா அவரு பாருல பாடுறதுக்கும் எங்க வீட்ல பாடினதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாமப் போச்சு. நான் காசு குடுத்ததால அது என் பார்ட்டி ஆயிடுச்சு, அவரு பார்ட்டிக்கு அமர்த்தின ஆளு ஆயிட்டார். அடுத்த தடவை தலைக்கு 15 டாலர்னு எழுதினேன், இருபத்தாறு பேர் வந்தாங்க, ஊசி விழுந்தா கேக்கும். அதே ஹால், பாதிக்குப் பாதி அதே ஆளுங்கதான்.

இந்த வழக்கம் பொறந்ததே காசு வசூல்லதான்னு உங்கம்மாகிட்ட சொல்லுங்க. 1920கள்ல நியூயார்க் ஹார்லெம்ல கறுப்பின மக்கள் வாடகை கட்ட முடியாதப்போ வீட்லயே பார்ட்டி வச்சு வாசல்ல சில்லறை வாங்குவாங்க, ரென்ட் பார்ட்டின்னு பேரு, ஃபேட்ஸ் வாலர், ஜேம்ஸ் பி. ஜான்சன் மாதிரி பெரிய பியானோக்காரங்க எல்லாம் அந்த வீடுகள்ல வாசிச்சவங்கதான். அப்புறம் 1941ல நியூயார்க் கிரீனிச் வில்லேஜ்ல பீட் சீகர், வுடி கத்ரி, லீ ஹேய்ஸ்ங்குற ஃபோக் பாடகர்கள் எல்லாம் அல்மனாக் சிங்கர்ஸ்னு ஒரே வீட்ல கூட்டா குடியிருந்தாங்க, வாடகைக்கு வழி இல்லாம ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்லயே பாட்டு வச்சு ஆளுக்கு 35 சென்ட் வாங்கினாங்க. அதுக்கு ஹூட்டனானின்னு பேரு. இன்னைக்கு உங்க ஹால்ல நடக்கப் போறது அதோட கொள்ளுப் பேரன்.

சரி, கணக்கைப் பாப்போம், ஏன்னா இதுல கணக்கு தெரிஞ்சாதான் கூச்சம் போகும். உங்க ப்ரூவரி பாடகருக்கு அன்னைக்கு ராத்திரி கிடைச்சது நூறு, நூத்தம்பது டாலரும் ரெண்டு கிளாஸ் பீரும் இருக்கலாம், மூணு மணி நேரம் பாடணும், அதுவும் பாதி நேரம் மத்தவங்க எழுதின பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேப்பாங்க. உங்க வீட்ல முப்பது பேர் தலைக்கு 20 போட்டா 600, ப்ரேக்ல சிடி, ரெக்கார்டு, டி-ஷர்ட் வித்து இன்னொரு நூறு நூத்தம்பது, ராத்திரி படுக்க ரூம், காலைல சாப்பாடு, அதாவது மோட்டல் செலவு மிச்சம். இதே 600 டாலரை ஸ்பாட்டிஃபைல சம்பாதிக்கணும்னா பொதுவா சொல்ற கணக்குப்படி ஒரு ஸ்ட்ரீமுக்கு 0.3ல இருந்து 0.4 சென்ட், நிலையான ரேட்டுன்னு ஒண்ணு அங்க கிடையாது, ஆனா சுமாரா ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் தடவை ஓடணும். 2024ல இருந்து வருஷத்துக்கு 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு அவங்க ஒண்ணுமே தர்றதில்ல. வீட்டுல வந்த முப்பது பேர்ல இருபது பேர் மெயிலிங் லிஸ்ட்ல பேர் எழுதிட்டுப் போவாங்க, அது தனி. சிலர் இதை ஏதோ பரிதாப சமாச்சாரம் மாதிரி பேசுவாங்க, மேடை கிடைக்காதவங்க வீட்டுக்கு வர்றாங்கன்னு. அப்படி இல்ல. பாஸ்டன் பக்கத்து கேம்பிரிட்ஜ்ல பஸ்ஸிம்னு ஒரு கிளப், 1958ல கிளப் 47ன்னு ஆரம்பிச்சது, பெரிய ஃபோக் பாடகி ஜோன் பயஸ் சின்னப் பொண்ணா பாடின இடம், அங்க சனிக்கிழமை பாடிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்தவங்க இருக்காங்க. கிளப்புங்களுக்கு வெள்ளி சனிதான் வேணும். நடுவுல இருக்குற செவ்வாய் புதன்ல வண்டியும் ஓடணும், வயிறும் நிறையணும். அந்த ஓட்டையை அடைக்கிறது வீடுங்கதான்.

எப்படிக் கேக்குறதுன்னா, கூப்பிடுற மெயில்லயே எழுதிடுங்க, "பாடகருக்குக் காணிக்கை ஆளுக்கு 20 டாலர், முழுசும் அவருக்கே போகும், வீட்டுக்காரங்க ஒரு சென்ட் எடுக்க மாட்டோம்". அந்தக் கடைசித் துண்டுதான் முக்கியம். விருந்தாளிகிட்ட நீங்க காசு வாங்கல, உண்டியலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, அவ்ளோதான். எங்க வீட்ல ஒரு மூங்கில் கூடை, பக்கத்துல பாடகரோட வென்மோ (போன்ல காசு அனுப்புற ஆப்) கோடு பிரிண்ட் எடுத்து ஒட்டியிருப்போம், வாசல் பக்கம் இருக்கும், யார் போட்டா யார் போடலைன்னு பாக்குறதில்ல. ஆனா முதல் செட் முடிஞ்ச உடனே, ப்ரேக்குக்கு முன்னாடி, வீட்டுக்காரர் எழுந்து நின்னு ஒரு தடவை சொல்லியே ஆகணும், ஏன்னா பேபிசிட்டர் காத்துக்கிட்டிருக்கான்னு ப்ரேக்ல கிளம்புறவங்க எப்பவும் நாலு பேர் இருப்பாங்க. பாடகரையே கேக்க விடாதீங்க, அது அசிங்கம். எல்லாரும் போனப்புறம் எண்ணி கவர்ல போட்டுக் குடுங்க. வேலை இல்லாம இருக்குற நண்பர், ஸ்டூடண்ட் யாராவது இருந்தா முன்னாடியே தனியா கூப்பிட்டு சும்மா வாங்கன்னு சொல்லிடலாம். ஃபீஸ் எவ்ளோன்னு கேட்டீங்கல்ல, பெரும்பாலும் ஃபீஸ்னு ஒண்ணு கிடையாது, வசூல் எவ்ளோவோ அதுதான். கொஞ்சம் பேர் எடுத்தவங்க, ரெண்டு மூணு பேரா வர்றவங்க, குறைஞ்சபட்சம் இவ்ளோன்னு ஒரு கேரண்டி கேப்பாங்க, கூடை அதுக்குக் கீழ வந்தா மிச்சத்தை நீங்க போடணும். இதை மட்டும் தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதிக் கேட்டுடுங்க, வாய்ப்பேச்சு வேணாம்.

உங்கம்மாவுக்கு இன்னொரு உதாரணமும் சொல்லலாம். க்ளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978ல இருந்து நடக்குது, அதுக்கு வர்ற வித்வான்கள் அப்படியே ஊர் ஊரா போய் நம்மாளுங்க வீட்டு பேஸ்மென்ட்ல ஜமக்காளம் விரிச்சுப் பாடுறது இங்க பழகின விஷயம்தானே. அங்க காசு கை மாறாமலா இருக்கு? நாலு குடும்பம் சேர்ந்து ஸ்பான்சர் பண்ணுவாங்க, கவர் போகும், கேக்குறவங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான் வித்தியாசம். ஃபோக் பாட்டுக்காரங்க அதைக் கூடையா நடு ஹால்ல வச்சுட்டாங்க. எனக்கு ரெண்டாவது முறைதான் நேர்மையாப் படுது, ஆனா அது என் கருத்து.

எத்தனை பேருன்னா, இருபதுக்குக் கீழ வந்தா பாடகருக்குக் கட்டுபடியாகாது, நாப்பதைத் தாண்டினா உங்க பாத்ரூமுக்குக் கட்டுபடியாகாது. எங்க வீட்டு அனுபவத்துல காணிக்கை எழுதி, பேர் குடுத்து வர்றேன்னு சொன்னவங்கள்ல நாலுல ஒருத்தர் வர மாட்டாங்க, ஸ்னோ விழுந்தா ரெண்டு பேரு. அதனால முப்பது வேணும்னா நாப்பது பேரை எழுதிக்கோங்க. அந்த நாப்பதைப் பிடிக்க நூறு பேருக்காவது சொல்லணும், அதுவும் முதல் தடவை ஒவ்வொருத்தரா போன் போட்டு. தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃப்ளையர் தட்டிவிட்டா இருபது தம்ஸ்-அப் வரும், ஆள் வராது. வீட்டு அட்ரஸைப் பொதுவுல போடாதீங்க, பேர் குடுத்தவங்களுக்கு மட்டும் தனியா அனுப்புங்க. இதுக்கு சட்டக் காரணமும் இருக்கு, கீழ சொல்றேன். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி நம்ம மாதிரி குடும்பஸ்தங்களுக்கு ரொம்ப வசதி, ஏழு மணிக்கு வீடு போய்ச் சேந்துடலாம். நாப்பத்தஞ்சு நிமிஷம் பாட்டு, இருபத்தஞ்சு நிமிஷம் ப்ரேக், மறுபடி நாப்பத்தஞ்சு. ப்ரேக்கைச் சுருக்காதீங்க, சிடி விக்கிறது அப்பதான்.

முப்பது பேருக்கு மைக்கே வேணாம். பாடகரை நீள சுவர்ப் பக்கம் நிக்க வைங்க, அப்ப கடைசி வரிசையும் பக்கத்துல வந்துடும், குட்டைச் சுவர்ல நிக்க வச்சா ஹால் ரயில் பெட்டி மாதிரி ஆயிடும். பின்னாடி ஜன்னல் இருந்தா திரையை மூடிடுங்க, இல்லன்னா அவரு முகம் இருட்டாத் தெரியும், ரெண்டு ஸ்டாண்டிங் லாம்ப் அவரு மேல விழுற மாதிரி வச்சா போதும். மடக்கு சேர் தமிழ்ச் சங்கத்துலயோ கோயில்லயோ கேட்டா குடுப்பாங்க. ஹீட்டர் ஃபேன் ஓடுற சத்தம் நமக்குப் பழகிப்போச்சு, மெதுவா ஒரு பாட்டு பாடுறப்பதான் அது ஏரோப்ளேன் மாதிரி கேக்கும், அதனால முன்னாடியே வீட்டை சூடு பண்ணிட்டு அணைச்சிடுங்க. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். ஃப்ரிட்ஜை அணைச்சா கார் சாவியை அதுக்குள்ள போட்டு வைங்க, சவுண்ட் ரெக்கார்டிங் ஆளுங்க செய்ற வேலை இது, மறுபடி போட மறக்க மாட்டீங்க. எனக்கு இதை ஒருத்தர் சொல்லிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பானை இட்லி மாவு புளிச்சுப் பொங்கி வழிஞ்சிருந்துச்சு.

நம்ம வீட்டுக்குன்னே ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, தாளிப்பு. ஒரு தடவை பாடகி வார்ம்-அப் பண்ணிட்டிருக்கா, உள்ள என் மனைவி காஞ்ச மிளகாயைக் கிள்ளி எண்ணெய்ல போட்டா, அந்தக் கமறல்ல அந்தப் பொண்ணு பத்து நிமிஷம் இருமி, கண்ணுல தண்ணி, முதல் ரெண்டு பாட்டு குரலே எழும்பல. சமையல் எல்லாம் மத்தியானமே முடிச்சு ஜன்னலைத் திறந்து வைங்க. சாப்பாட்டை ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்ற பாட்லக்கா வச்சா இந்தத் தொல்லையே பாதி இல்ல, அதோட எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே வந்து ஒருத்தரோட ஒருத்தர் பேசி முடிச்சிடுவாங்க, பாட்டு நடுவுல பேச வேண்டியதில்ல. ரெண்டு, செருப்பு. வாசல்ல கழட்டச் சொல்லுவோம்ல, வந்தவங்க கழட்டட்டும், பாடகரைக் கழட்டச் சொல்லாதீங்க, நிறைய பேருக்கு கால் தட்டுறதுதான் ட்ரம்ஸ். பழைய பலகை ஒண்ணு கீழ போட்டுக் குடுத்தா அவங்களுக்கு சந்தோஷம், உங்க மரத்தரைக்கும் நல்லது. அப்புறம் குளிர்காலத்துல அவங்க கிட்டாரை ராத்திரி கார்ல விட வேணாம்னு சொல்லுங்க, உள்ள கொண்டு வந்தாலும் ரேடியேட்டர் பக்கம் வைக்க விடாதீங்க, இங்கத்த ஜனவரி வறட்சில கிட்டார் மரம் வெடிக்கும்.

ஆள் தேடுறதுக்குக் கம்பெனிகளும் இருக்கு. உங்களுக்கு ஏற்கனவே ஆள் கிடைச்சாச்சு, அதனால சுருக்கமா சொல்றேன். வீட்டுக்காரங்களையும் பாடகர்களையும் சேத்து வைக்கிறதுக்குன்னே இணையதளங்கள் பல வருஷமா இருக்கு, அதுல சைட் டோர் 2017ல கனடாவுல டான் மங்கன்ங்குற பாடகர் இன்னொருத்தரோட சேந்து ஆரம்பிச்சது. அதே கனடால ஹோம் ரூட்ஸ்னு ஒண்ணு, வின்னிபெக் ஃபோக் விழாவை 1974ல ஆரம்பிச்ச மிட்ச் பொடோலக் 2007ல தொடங்கினது, லாப நோக்கம் இல்லாதது, சின்னச் சின்ன ஊர் வீடுகளை ஒரு ரூட் பஸ் மாதிரி கோத்து பாடகரை ரெண்டு வாரத்துக்குக் கிட்டத்தட்ட தினமும் ஒரு வீடுன்னு அனுப்புவாங்க, எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல இதைவிட அழகான ஏற்பாடு இல்ல. சோஃபார் சவுண்ட்ஸ் வேற ரகம். 2009ல லண்டன்ல ஆரம்பிச்சது, டிக்கெட் கம்பெனி விக்கும், யார் பாடப் போறாங்கன்னு வர்றவங்களுக்கு முன்னாடி தெரியாது, ஒரு ராத்திரில மூணு பேர் ஆளுக்கு கால் மணி, அரை மணி பாடுவாங்க. சம்பளம் இல்லாம வாலண்டியர்களை வச்சு ஷோ நடத்தினதுக்காக 2020ல நியூயார்க் தொழிலாளர் துறையோட சமரசம் பண்ணி 4.6 லட்சம் டாலர் கட்டினாங்க. புது ஆளுங்களுக்கு அது ஒரு வாசல்தான், மறுக்கல, ஆனா அதையும் வீட்டுக் கச்சேரியையும் ஒண்ணாப் போட்டுப் பேசுறது எனக்குப் பிடிக்காது. அப்புறம் ஃபோக் அலையன்ஸ்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் மாநாடு நடத்தும், வடகிழக்குக் கிளை நவம்பர்ல கூடும், ஹோட்டல் ரூம்ல கட்டிலைத் தூக்கி ஓரமா நிறுத்தி வச்சுட்டு விடிய விடிய பத்துப் பதினஞ்சு பேருக்குப் பாடுவாங்க. ஒரு வருஷம் போய்ட்டு வாங்க, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு ஆள் பிடிச்சிடலாம். தூக்கம் மட்டும் கிடைக்காது.

சட்டம். நான் வக்கீல் இல்ல, அமெரிக்காவுல எனக்கு உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் தனியா சொல்றேன். காப்புரிமைச் சட்டப்படி வீடா மண்டபமாங்கிறது கேள்வி இல்ல, குடும்பமும் அதோட வழக்கமான நட்பு வட்டமும் தாண்டி கணிசமா வெளியாள் கூடினா அது பொது நிகழ்ச்சி. அட்ரஸை ஊருக்கே போடாதீங்கன்னு சொன்னதுக்கு ஒரு காரணம் இதுதான். பாடகர் தன் சொந்தப் பாட்டைப் பாடுனா கவலை குறைவு, ஏன்னா அமெரிக்காவுல பாட்டு எழுதுறவங்களுக்காக லைசென்ஸ் காசு வசூல் பண்ற ஆஸ்காப், பி.எம்.ஐ. அமைப்புகள் ரெண்டுலயும் எழுதினவருக்கு தன் பாட்டுக்கு நேரடியா அனுமதி குடுக்குற உரிமை இருக்கு. எழுதினவர் பேர் தெரியாத பழைய நாட்டுப்பாட்டு யாருக்கும் சொந்தம் இல்ல. அடுத்தவங்க பாட்டு பாடுறப்பதான் லைசென்ஸ் கேள்வி வருது, நடைமுறைல முப்பது பேர் வீட்டுக்கு யாரும் தேடி வந்து நான் பாத்ததில்ல, ஆனா பாத்ததில்லைங்கிறது சட்டம் ஆயிடாது. டிக்கெட்டுன்னு சொல்லாம காணிக்கைன்னு சொல்றது டவுன் சோனிங் விதிக்கு (எந்த இடத்துல என்ன நடத்தலாம்ங்கிற ஊர் விதி) நல்லது, ஆனா அதை ஒரு மந்திரம் மாதிரி நம்பாதீங்க, குடுத்தாதான் உள்ள விடுவேன்னா அது டிக்கெட்டுதான். டொனேஷன்னு பேர் இருக்குறதால யாருக்கும் வரி விலக்கு கிடையாது, பாடகருக்கு அது வருமானம். மது விக்கவே விக்காதீங்க, வேணுங்குறவங்க கொண்டு வரட்டும். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு மட்டும் ஒரு போன் போட்டு "வருஷத்துக்கு ரெண்டு தடவை முப்பது பேர் வருவாங்க, நான் காசு எடுக்கல"ன்னு சொல்லி பாலிசி தாங்குமான்னு கேளுங்க, வீட்டு பாலிசிகள்ல தொழில் சம்பந்தப்பட்ட விபத்தை விலக்கி வைக்கிறது சாதாரணம், படில ஒருத்தர் விழுந்தப்புறம் கேக்குற கேள்வி இல்ல அது.

கடைசியா நம்ம ஊர்க் கலைஞர்கள். இதுல ஒரு விஷயம் நிறைய பேர் அலட்சியமா இருக்காங்க, விசிட்டர் விசால வந்தவங்க காசு வாங்கிக்கிட்டுப் பாடக் கூடாது, கூடைல காணிக்கைன்னு பேர் மாத்தினாலும் அதேதான். மாட்டுனா நஷ்டம் உங்களுக்கு இல்ல, அவங்களுக்கு, அடுத்த தடவை விசா கிடைக்காது. மரபுக் கலைஞர்களுக்குன்னே பி-3 (P-3)ன்னு ஒரு விசா வகை இருக்கு, ஆனா இங்க இருந்து ஒருத்தர் மாசக்கணக்குல முன்னாடி மனு போடணும், ஒரு வீட்டுக் கச்சேரிக்காக யாரும் போட மாட்டாங்க. அதனால ஏதாவது ஒரு சங்கமோ விழாவோ முறையா கூட்டிட்டு வர்ற ஆளா பாத்து, அவங்ககிட்ட நடுவுல ஒரு செவ்வாய் புதன் காலியா இருக்கான்னு கேளுங்க, உங்க ஹாலையும் அந்த மனுலயே ஒரு இடமா சேக்கச் சொல்லுங்க. தனிக் குரல், உடுக்கை, ஒரு கஞ்சிரா, இதெல்லாம் முப்பது பேர் ஹால்ல அற்புதமா இருக்கும். பறையும் தவிலும் வேணாம், உங்க ஹால் தாங்காது, முதல் வரிசைல இருக்குறவங்க காதும் தாங்காது. அதை ஜூன் மாசத்துல பேக்யார்டுல வைங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களையும் முதல் ஆளா கூப்பிட்டுட்டு.